எமது வலயத்தின் பெருமைக்கு எத்தனை வயது?



வருட இறுதி வந்துவிட்டது. எந்த ஊருக்குப் போனாலும் பாடசாலை மதிலில் புதிய பெனர் தொங்குகிறது. 9 ஏ எடுத்தவர்கள், புலமைப்பரிசில் வெட்டுப்புள்ளியைத் தாண்டியவர்கள், மருத்துவ பீடத்துக்கும் பொறியியல் பீடத்துக்கும் தெரிவானவர்கள், தமிழ்த் தினப் போட்டியிலும் மெய்வல்லுநர் போட்டியிலும் தேசிய மட்டம் வரை போனவர்கள். வலயங்களில் பாராட்டு விழாக்கள் நடக்கின்றன. பிள்ளைகளின் கழுத்தில் மாலை விழுகிறது. உம்மாமார் முன்வரிசையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்கள்.

கல்முனைக் கல்வி வலயத்து ஆசிரியர்களான எங்களுக்கும் இது சந்தோஷமான காலம்தான், அல்ஹம்துலில்லாஹ். அந்தப் பிள்ளைகளும் பெற்றோரும் பாராட்டுக்கு முற்றிலும் உரியவர்கள். அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை.

ஆனால் மேடைகளில் அடிக்கடி "இந்த வருடச் சாதனை" என்று சொல்லப்படுகிறது. எங்களில் பலர் வரலாறு கற்பிக்கிறவர்கள். அந்தச் சொல்லைக் கேட்கும்போது இந்தச் சாதனைக்கு உண்மையில் எத்தனை வயது என்று எண்ணிப் பார்க்கத் தோன்றுகிறது. கொஞ்சம் நீண்ட பதிவுதான். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் "வலயம்" என்ற சொல்லைப் பார்ப்போம். இன்று நாட்டில் ஏறத்தாழ 100 கல்வி வலயங்கள் இருக்கின்றன. கிழக்கு மாகாணத்தில் 17. அதில் அம்பாறை மாவட்டத்துக்கு ஏழு: அம்பாறை, கல்முனை, சம்மாந்துறை, அக்கரைப்பற்று, திருக்கோவில், மகாஓயா, தெஹியத்தகண்டிய. எமது கல்முனை வலயத்துக்குள் ஐந்து கோட்டங்கள்: கல்முனை முஸ்லிம், கல்முனை தமிழ், சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர். 1987 இல் 13 ஆவது திருத்தம் வந்து மாகாண சபைகள் உருவான பிறகு அமைந்த ஏற்பாடு இது. அம்பாறை மாவட்டமே 1961 இல் மட்டக்களப்பிலிருந்து பிரிக்கப்பட்டதுதான். ஆகவே வலயம் என்ற பலகைக்கு வயது சுமார் மூன்று தசாப்தங்கள். பலகைக்குப் பின்னால் இருக்கிற கல்விக்கு வயது அதைவிட மிக அதிகம்.

1814 இல் மெதடிஸ்த மிஷனரியான வில்லியம் ஓல்ட் மட்டக்களப்புக்கு வந்து பாடசாலை தொடங்கினார். அதன் பின் அந்த நூற்றாண்டு முழுவதும் மிஷன் பாடசாலைகள் கரையோரமாகத் தெற்கே இறங்கி வந்தன. கல்முனைக்கும் வந்தன. ஆங்கிலமும் கணிதமும் பூகோளமும் அந்தப் பாடசாலைகளில்தான் கிடைத்தன. எமது முஸ்லிம் ஊர்கள் அவற்றை ஒதுங்கி நின்றே பார்த்தன. பிள்ளை மதம் மாறிவிடும் என்ற பயம் இருந்தது. குர்ஆன் மத்ரஸாவில் ஓதினால் போதும், பிறகு வயலுக்கோ கடலுக்கோ தறிக்கோ போகட்டும் என்பதே பெரும்பாலான வீடுகளின் முடிவு. அந்தப் பயத்தை இன்று இருந்துகொண்டு கேலி செய்வது சுலபம். ஈமானைக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தவர்களுக்கு அன்று வேறு பாடசாலை இருக்கவில்லை என்பதையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

அந்த வேறு பாடசாலையை உண்டாக்க வேண்டும் என்று முதலில் உரத்துச் சொன்னவர்களில் ஒருவர் கண்டியில் இருந்த சட்டத்தரணி அறிஞர் சித்தி லெப்பை. 1882 இல் 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையைத் தொடங்கி மார்க்கமும் நவீன கல்வியும் ஒன்றாக வேண்டும் என்று எழுதினார். 1883 இல் எகிப்திலிருந்து நாடு கடத்தப்பட்டு ஒராபி பாஷா கொழும்புக்கு வந்து சேர்ந்தார். இவர்களும் கொழும்பு நூதனசாலையைக் கட்டிய வாப்பிச்சி மரைக்காரும் சேர்ந்த முயற்சியில் 1892 இல் மருதானையில் பிறந்ததுதான் பிற்காலத்தில் ஸாஹிராக் கல்லூரி என்று வளர்ந்த மத்ரஸா.

ஆனால் மருதானை எங்கே, மருதமுனை எங்கே? ரயில் மட்டக்களப்புக்கு வந்ததே 1928 இல். கல்முனைக்கு இன்றுவரை ரயில் இல்லை. கொழும்பில் பிறந்த ஒரு விழிப்பு எமது கரையை வந்தடைய இன்னும் அரை நூற்றாண்டு எடுத்தது.

இதற்கிடையில் எமது வலயத்துக்குள்ளேயே, காரைதீவில், 1892 இல் ஒரு குழந்தை பிறந்தது. ஸாஹிரா பிறந்த அதே வருடம். மயில்வாகனம் என்ற பெயரில் வளர்ந்து கல்முனை மெதடிஸ்த பாடசாலையில் படித்த அந்தப் பிள்ளைதான் பின்னாளில் சுவாமி விபுலாநந்தர். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர் அவர். 1943 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். இராமகிருஷ்ண மிஷன் பாடசாலைகளைக் கிழக்கில் கட்டியெழுப்பினார். எமது வலயத்தின் சாதனையாளர் பட்டியலை வயதின்படி எழுதினால் முதல் வரிகளில் வர வேண்டிய பெயர் அவருடையது. வலயம் என்ற ஒன்று உருவாகும் முன்னரே வாழ்ந்து முடித்தவர் என்பதால் எந்த விழா அழைப்பிதழிலும் அந்தக் கணக்கு வருவதில்லை.

இனி 1942 க்கு வருவோம். எமது கரையின் கல்வி வரலாற்றில் அந்த வருடத்தை நாங்கள் சிவப்பு மையால் அடிக்கோடிடுவோம்.

இரண்டாம் உலக யுத்தம். பர்மா ஜப்பானிடம் விழுந்தது. இலங்கைக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. ஏப்ரலில் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு விழுந்தது. நாட்டுக்குச் சோறு வேண்டும். நெல் விளையும் பூமி எங்கே என்று பார்த்த அரசாங்கம் கல்முனையில் அவசரக் கச்சேரி ஒன்றைத் திறந்து உதவி அரசாங்க அதிபர் ஒருவரை அனுப்பியது. அவர்தான் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் 1911 இல் பிறந்தவர். வைத்தீஸ்வராவிலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தவர். 1935 இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதல் முஸ்லிம்.

அவர் வந்த வேலை நெல். அதைச் செய்தார். காடு வெட்டி வயலாக்கக் காணி கொடுத்தார். "அஸீஸ் துரைக் கண்டம்" என்று ஒரு வயற்கண்டத்துக்கே அவர் பெயரை மக்கள் வைத்தார்கள். ஆனால் ஊர் ஊராகப் போன அந்த அதிகாரி நெல்லோடு சேர்த்து இன்னொன்றையும் கண்டார். நல்ல விளைச்சல் உள்ள பூமி, உழைக்கத் தயங்காத மக்கள். ஆனால் மேற்படிப்புக்குப் போகும் பிள்ளையைத் தேடிக் காண வேண்டியிருந்தது. கெட்டிக்காரப் பிள்ளை இருந்தாலும் வெளியூரில் தங்கிப் படிக்க வழியில்லை. அதே வருடம் ஊரவர்களைச் சேர்த்துக் கல்முனை முஸ்லிம் கல்விச் சங்கத்தை உருவாக்கினார். வசதியற்ற பிள்ளையின் படிப்புச் செலவை ஊர் தாங்க வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அந்த நாட்களில் அவர் நெருங்கிப் பழகிய அறிஞர்களில் விபுலாநந்த அடிகளும் ஒருவர். யாழ்ப்பாணத்து முஸ்லிம் ஒருவரும் காரைதீவுத் துறவி ஒருவரும் இந்த மண்ணின் பிள்ளைகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த காலம் அது. நிர்வாக எல்லைகளைப் பற்றி இன்று எமது பகுதியில் எத்தனையோ வாதங்கள் நடக்கின்றன. அந்த நேரங்களில் இந்தச் சந்திப்பை நாம் ஞாபகத்தில் வைத்திருப்பது நல்லது.

கல்முனையில் செய்து பார்த்ததையே அஸீஸ் பிறகு நாடு முழுவதுக்கும் விரித்தார். 1945 இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி உருவானது. ஆகவே அந்த நிதியின் முன்மாதிரி எமது கரையில் பிறந்தது என்று தயங்காமல் சொல்லலாம். 1948 இல் சிவில் சேவைப் பதவியையே விட்டுவிட்டுக் கொழும்பு ஸாஹிராவின் அதிபரானார். 1961 வரை அங்கே இருந்தார். கச்சேரி நாற்காலியை விட்டுப் பாடசாலை நாற்காலிக்கு வந்த மனிதர். இன்று எந்தப் பிள்ளையிடமும் "என்னவாக வரப்போகிறாய்" என்று கேட்டால் எத்தனை பேர் ஆசிரியர் என்கிறார்கள் என்று பாருங்கள். அந்த முடிவின் கனம் அப்போது விளங்கும்.

1945 க்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. சி.டபிள்யூ.டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943 இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் 1 முதல் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் ஆங்கிலப் பாடசாலைக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கட்ட முடியாதவன் பிள்ளைக்குத் தாய்மொழிப் பாடசாலை மட்டும். உத்தியோகத்துக்குப் போகும் கதவு ஆங்கிலப் பாடசாலையில் மட்டும். இந்த ஏற்பாட்டைத்தான் கன்னங்கரா உடைக்கப் பார்த்தார். கிராமப்புறங்களில் 54 மத்திய மகா வித்தியாலயங்கள் வந்தன. அவற்றில் விடுதியில் தங்கி இலவசமாகப் படிக்க ஏழைப் பிள்ளைகளைத் தெரிவு செய்ய ஐந்தாம் தரத்தில் ஒரு பரீட்சை வைத்தார்கள்.

ஆம், இன்று வருடா வருடம் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட பிள்ளைகள் எழுதும் அந்தப் புலமைப்பரிசில் பரீட்சையேதான். தூரக் கிராமத்துப் பிள்ளைக்குத் திறந்த கதவு அது. இன்று என்ன நடக்கிறது? மூன்றாம் தரத்திலேயே பிரத்தியேக வகுப்பு தொடங்குகிறது. பத்து வயதுப் பிள்ளை விளையாட நேரமில்லாமல் மாதிரி வினாத்தாள் செய்கிறது. வெட்டுப்புள்ளிக்கு இரண்டு புள்ளி குறைந்தால் வீடு மையித்து வீடு போலாகிறது. வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளைகள்தான் எந்த வருடமும் பெரும்பான்மை. அவர்களில் எத்தனையோ பேர் பிறகு உயர் தரத்தில் முன்னுக்கு வந்ததை வகுப்பறையில் நாங்கள் கண்டிருக்கிறோம். ஒரு பரீட்சை எதற்காக வைக்கப்பட்டது என்ற வரலாறு தெரிந்தால் பத்து வயதில் தோல்வி என்ற சொல்லைப் பிள்ளையின் தலையில் வைக்க எந்தப் பெற்றோருக்கும் மனம் வராது.

இலவசக் கல்வி என்ன செய்தது என்று அறிய இரண்டு எண்கள் போதும். 1946 சனத்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டின் எழுத்தறிவு சுமார் 58 வீதம். பெண்களை மட்டும் எடுத்தால் 44 வீதம். 2012 கணக்கெடுப்பில் மொத்த எழுத்தறிவு 95 வீதத்தைத் தாண்டிவிட்டது. 1980 இல் இலவசப் பாடநூல் வந்தது. 1993 இல் இலவசச் சீருடை வந்தது. 1998 இல் 5 முதல் 14 வயது வரை கட்டாயக் கல்வி. 2016 இல் அது 16 வயது வரை நீண்டது. இவை ஒவ்வொன்றும் ஒரு படி. மேடையில் மாலை வாங்கும் பிள்ளை இந்தப் படிகள் எல்லாவற்றிலும் ஏறித்தான் அங்கே வந்து நிற்கிறது.

சட்டம் இருந்தால் போதுமா? வகுப்பில் நின்று கற்பிக்க ஆள் வேண்டும். அந்த நாட்களில் எமது முஸ்லிம் பாடசாலைகளில் கற்பித்தவர்களில் கணிசமானோர் தமிழ் ஆசிரியர்கள். மட்டக்களப்பிலிருந்தும் யாழ்ப்பாணத்திலிருந்தும் வந்தவர்கள். ஊரில் ஒரு வீட்டில் தங்கி, அந்த வீட்டுச் சோற்றைச் சாப்பிட்டு, கணிதமும் விஞ்ஞானமும் தந்தவர்கள். எமது மூத்தவர்களிடம் கேளுங்கள். "எங்கட மாஸ்டர்" என்று ஒரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயர் பெரும்பாலும் கந்தையாவாகவோ செல்லத்துரையாகவோ இருக்கும். பிறகு அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயின்று எமது ஊர்களிலேயே ஆசிரியர்கள் உருவானார்கள். ஆயிரக்கணக்கான வீடுகளில் முதல் அரச சம்பளம் ஆசிரியர் சம்பளம்தான். அந்தச் சம்பளத்தில்தான் தம்பி படித்தான், தங்கை படித்தாள்.

1949 இல் கல்முனை ஸாஹிரா தொடங்கியது. கொழும்பு மருதானையில் இருந்த பெயர் எமது கரைக்கும் வந்தது. இனிப் பிள்ளையை வெளியூருக்கு அனுப்பாமலேயே மேல் வகுப்புப் படிப்பிக்கலாம் என்ற நம்பிக்கை வந்தது. ஆனால் அது ஆண் பிள்ளைகளுக்குத்தான் பெரும்பாலும் பொருந்தியது. பெண் பிள்ளை பெரியவளானால் பாடசாலை நின்றுவிடும். ஐந்தாம் வகுப்பு, ஆறாம் வகுப்பு என்று இடாப்பில் பெண் பெயர்கள் குறைந்துகொண்டே போகும். எமது உம்மம்மாமாரின் காலம் இதுதான். கையெழுத்துப் போடும் இடத்தில் பெருவிரலை வைத்த எத்தனையோ பேர் கணக்கில் எவரையும் விடக் கெட்டிக்காரிகள். நெல் அளந்து கொடுக்கையில் ஒரு கொத்துப் பிசகாது.

1971 இல் கல்முனையில் பெண்களுக்கென்று தனிக் கல்லூரி வந்தது. அப்போது கல்வி அமைச்சராக இருந்த பதியுதீன் மஹ்மூதின் பெயரால் அது மஹ்மூத் மகளிர் கல்லூரியானது. பெண் பிள்ளைக்குத் தனிப் பாடசாலை என்றதும் தயங்கிய வாப்பாமார் பலர் சம்மதித்தார்கள். அந்த முதல் தொகுதிகளில் படித்தவர்கள் ஆசிரியைகளானார்கள். ஆசிரியைகளின் மகள்மார் வைத்தியர்களும் பொறியியலாளர்களும் ஆனார்கள். இன்று நாட்டின் அரச பல்கலைக்கழக மாணவர்களில் பத்தில் ஆறு பேருக்கு மேல் பெண்கள். வருட இறுதி பெனரில் சில குடும்பங்கள் பெண் பிள்ளையின் படம் வேண்டாம் என்பார்கள். பெயரும் ஒரு பூவின் படமும் மட்டும் இருக்கும். அது அவர்கள் விருப்பம். நாங்கள் அந்தப் பெயரைத்தான் பார்ப்போம். இரண்டு தலைமுறைக்கு முன் ஆறாம் வகுப்பு இடாப்பில் இல்லாத பெயர் அது.

பிறகு யுத்தம். அதை விரித்து எழுதினால் இந்தப் பதிவு தாங்காது. 1990 ஐக் கண்டவர்களுக்கு ஒரு வார்த்தை போதும். ஊரடங்கு, சோதனைச் சாவடி, அகதி முகாமான பாடசாலைகள், மின்சாரமில்லாத இரவுகள். வடக்கிலிருந்து முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டதும் அதே வருடம்தான். கிழக்கில் இரு சமூகத்துப் பிள்ளைகளும் பயத்தோடுதான் பாடசாலைக்குப் போனார்கள். ஊர் விட்டு ஊர் போய்க் கற்பித்த ஆசிரியர்கள் போக முடியாமல் நின்றார்கள். ஒரே மேசையில் இருந்து பரீட்சைத் தாள் திருத்தியவர்கள் வருடக்கணக்கில் ஒருவரையொருவர் காணவில்லை. அரிக்கன் லாம்பில் படித்த அந்தத் தலைமுறையும் பரீட்சை எழுதியது, பல்கலைக்கழகம் போனது. அவர்களுக்கு எந்தப் பெனரும் இருக்கவில்லை.

அந்தக் காலத்திலேயே ஒரு பெரிய கதவும் திறந்தது. 1995 ஒக்டோபரில் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கியது. 1996 மே மாதம் முழுப் பல்கலைக்கழகமானது. ஒலுவில் வளாகம் எழுந்தது. அதற்காக உழைத்த அமைச்சர் எம்.எச்.எம். அஷ்ரஃபின் பெயரை அரசியலில் எந்தப் பக்கம் நிற்பவரும் மறுக்க முடியாது. வெளி மாவட்டத்தில் அறை எடுத்துத் தங்கிப் படிக்க வழியில்லாத குடும்பங்களுக்கு, அதிலும் பெண் பிள்ளைகளுக்கு, வீட்டிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் ஒரு பல்கலைக்கழகம் வந்தது.

அடுத்தது 2004 டிசம்பர் 26. ஞாயிற்றுக்கிழமை, போயா நாள், பாடசாலை விடுமுறை. நாட்டில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கும் மேல். மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று எமது வலயத்தின் கரை முழுவதையும் கடல் அடித்துக்கொண்டு போனது. அது முஸ்லிம் கோட்டம், தமிழ்க் கோட்டம் என்று பார்க்கவில்லை. ஜனவரியில் பாடசாலை திறந்தபோது இடாப்பைக் கூப்பிடுவதே ஆசிரியர்களுக்குப் பெரும் பாரமானது. ஒரு பெயரைக் கூப்பிட்டால் பதில் வராது. வகுப்பே மௌனமாகும். கட்டடம் போன பாடசாலைகள் கொட்டில்களிலும் வேறு பாடசாலைகளில் மாலை நேரத்திலும் நடந்தன. கொப்பியும் சப்பாத்தும் யார் யாரோ அனுப்பினார்கள். அந்த வருடம் ஒரு பிள்ளை பரீட்சை மண்டபத்தில் வந்து இருந்ததே சாதனை. எங்களைப் பொறுத்தவரை எமது வலயத்தின் மிகப் பெரிய வருடம் 2005 தான். எத்தனை ஏ என்று கணக்கெடுக்கத் தேவையில்லாத வருடம் அது.

2020 மார்ச்சில் கொவிட் வந்து பாடசாலைகள் மூடப்பட்டன. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு ஃபோன் இருந்த வீடுகளில் யார் முதலில் பாடம் கேட்பது என்பதே சண்டை. 2022 இல் பொருளாதார நெருக்கடி. எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடின. மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. 2021 இன் உயர் தரப் பரீட்சை 2022 பெப்ரவரியில் நடந்தது. 2022 இன் பரீட்சை 2023 ஜனவரியில் தொடங்கியது. "வருட இறுதி" என்பதே எந்த மாதம் என்று தெரியாமல் போன காலம். அந்த வருடங்களில் ஆண் பிள்ளைகள் சிலர் ஓட்டோவுக்கும் கடைக்கும் வேலைக்குப் போனார்கள். சிலர் கட்டாருக்குப் போனார்கள். திரும்பி வகுப்புக்கு வரவில்லை.

இத்தனை தூரம் வந்த பிறகு ஒரு உண்மையையும் பேசியாக வேண்டும். பல்கலைக்கழக அனுமதியில் கலைத்துறை தவிர்ந்த பெரும்பாலான பாடநெறிகளுக்கு 40 வீதம் நாடளாவிய தகுதி அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் என்று ஒதுக்கப்படுகிறது. அந்த 16 இல் அம்பாறையும் ஒன்று. நாம் பட்டாசு கொளுத்தும் அதே வருடத்தில் அரசாங்கத்தின் பட்டியலில் எமது மாவட்டம் பின்தங்கிய மாவட்டம். இரண்டும் ஒரே நேரத்தில் உண்மை. நகரப் பாடசாலை ஒன்றில் ஆய்வுகூடமும் ஆசிரியரும் நிறைந்திருக்க, சில கிலோமீற்றர் தள்ளி ஒரு சிறிய பாடசாலையில் கணிதத்துக்கு ஆள் இல்லாமல் இருக்கலாம். நாட்டில் உள்ள ஏறத்தாழ 10,000 அரச பாடசாலைகளில் உயர் தர விஞ்ஞானப் பிரிவு உள்ளவை ஏறத்தாழ ஆயிரம்தான். பெனரில் படம் வரும் வாய்ப்பு ஒரு பிள்ளைக்கு எந்தப் பாடசாலையில் இடம் கிடைக்கிறது என்பதிலேயே பாதி தீர்ந்துவிடுகிறது.

இங்கேதான் வரலாறு எங்களுக்கு ஒரு பாடம் சொல்கிறது. சித்தி லெப்பை, விபுலாநந்தர், கன்னங்கரா, அஸீஸ் ஆகிய நால்வரும் வேறு வேறு ஊர். அவர்கள் கவலைப்பட்டது முதலிடம் பெற்ற பிள்ளையைப் பற்றியல்ல. பாடசாலைக்கே வராத பிள்ளையைப் பற்றி. 1942 இல் அஸீஸ் கல்முனையில் சிறந்த மாணவனுக்குக் கேடயம் கொடுத்திருந்தால் இன்று அவரை யாரும் பேசமாட்டார்கள். படிக்க வழியில்லாத பிள்ளைக்கு வழி தேடினார். அதனால்தான் எண்பது வருடங்களுக்குப் பிறகும் பேசுகிறோம். இன்று முன்வரிசையில் மாலை வாங்கும் பிள்ளைகள் அன்று வழி கிடைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்.

ஆகவே வலயங்களிலும் பாடசாலைகளிலும் விழா எடுப்பவர்களுக்கு, ஆசிரியர்களாக, மிகுந்த மரியாதையோடு சில யோசனைகளை முன்வைக்கிறோம்.

ஒன்று. 9 ஏ எடுத்தவர்களோடு சேர்த்து, இடைவிலகிப் போய்த் திரும்பி வந்து சாதாரண தரம் எழுதிய பிள்ளைகளையும் மேடைக்கு அழையுங்கள். விருப்பமுள்ளவர்களை மட்டும், அவர்கள் மனம் நோகாதபடி.

இரண்டு. உயர் தர ஆசிரியர்களுக்குப் பொன்னாடை போர்த்தும்போது அந்தப் பிள்ளைக்கு முதலாம் தரத்தில் "அ" எழுதக் கையைப் பிடித்த ஆசிரியையையும் தேடி அழையுங்கள். பெரும்பாலும் ஓய்வு பெற்று ஊரிலேயே இருப்பார்.

மூன்று. எத்தனை பேர் அதிஉயர் சித்தி என்று அறிவிக்கும் இடத்தில், எத்தனை வீதமானோர் உயர் தரம் படிக்கத் தகுதி பெற்றார்கள் என்பதையும் பாடசாலை வாரியாக அறிவியுங்கள். கடந்த வருடத்தைவிட முன்னேறிய சிறிய பாடசாலைக்குத்தான் பெரிய கேடயம் போக வேண்டும்.

நான்கு. விழாவுக்கு வரும் நன்கொடையில் ஒரு பங்கை அடுத்த வருடம் பாடசாலையை விட்டுப் போகக்கூடிய பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். ஒரு பெனர் அடிக்கும் காசில் பல பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்கலாம். இது புதிய யோசனையல்ல. 1942 இல் இந்த ஊரிலேயே செய்து காட்டப்பட்டது.

ஐந்து. ஐந்து கோட்டங்களின் பிள்ளைகளும் ஒரே மேடையில் நிற்கட்டும். சாய்ந்தமருதுப் பிள்ளைக்குக் காரைதீவுப் பிள்ளை கைதட்ட வேண்டும், பாண்டிருப்புப் பிள்ளைக்கு மருதமுனைப் பிள்ளை கைதட்ட வேண்டும். எங்கட மாஸ்டர்மார் எங்கிருந்து வந்தார்கள் என்பதை மறக்காதவர்களுக்கு இதில் கஷ்டம் ஒன்றும் இருக்காது.

இந்த வருடம் சித்தியடைந்த எல்லாப் பிள்ளைகளுக்கும் எங்கள் மனமார்ந்த வாழ்த்துக்கள். நினைத்த பெறுபேறு கிடைக்காத பிள்ளைகளுக்கு: நீங்களும் இந்தப் படிகளில் ஏறி வந்தவர்கள்தான். ஜனவரியில் வகுப்புத் திறக்கும்போது வாருங்கள், உங்கள் பெயரைக் கூப்பிட நாங்கள் இடாப்போடு இருப்போம், இன்ஷா அல்லாஹ்.

பெற்றோர்களே, உங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பாடசாலைக்குப் போனவர் யார் என்று இந்த விடுமுறையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். அவருக்கு எழுத்தறிவித்த ஆசிரியரின் பெயரையும் சொல்லுங்கள். அவர் உயிரோடிருந்தால் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஸலாமோ வணக்கமோ சொல்லிவிட்டு வாருங்கள். மரணித்திருந்தால் அவருக்காகப் பிரார்த்தியுங்கள்.

எமக்கு எழுத்தைத் தந்த அத்தனை பேருக்கும் அல்லாஹ் நற்கூலி வழங்குவானாக.